கோயில் கரும்பும் பக்சிக்கின் புல்லும்

எனக்குக் கரும்புச் சாறு என்றால் உயிர். கரும்புக்கு நோய் தரும் பாக்டீரியாக்களை ஆராயும் வேலை எனக்கு வாய்த்தது அதனால்தானோ என்னவோ. மலாக்காவில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். கரும்பிலிருந்தும் பக்கத்தில் வளரும் புற்களிலிருந்தும் இலை பறித்து வந்து, அவற்றிலுள்ள கிருமிகள் ஒரே வகையா, வேறு வேறு வகையா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்வேன். "மனுசருக்கு மருந்து குடுப்பாள் எண்டு படிப்பிச்சா, இவள் கரும்புக்கெல்லோ குடுக்கிறாள்" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். சொல்லட்டும், எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

நான் வழக்கமாகச் சாறு குடிப்பது தங்கா பத்துவில் ஓர் ஆன்ட்டியின் கடையில். கடைக்கு வேண்டிய கரும்பை வீட்டுக்குப் பின்னால் அவரே போட்டிருந்தார். போன வருஷம் அது இளைக்கத் தொடங்கியது. இலைகளில் பென்சிலால் இழுத்தது போல வெள்ளைக் கோடுகள், நுனியெல்லாம் வெந்து காய்ந்திருந்தது. கிருமியின் வேலைதான்.

அதற்குள் ஆன்ட்டி குற்றவாளியையே பிடித்துவிட்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வயதான மலாய்க்காரர். மலாயில் மாமா என்ற பொருளில் நாங்கள் பக்சிக் என்று கூப்பிடுவோம். தன் ஆடுகளுக்காக யானைப்புல் வளர்க்கிறார்.

"அந்தப் புல்லுலேருந்துதான்மா வந்திருக்கு. பிடுங்குங்கன்னு சொன்னேன், கேக்கல. இப்ப நாங்க பேசிக்கிறதே இல்ல," என்றார் ஆன்ட்டி.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்தக் கிருமி புல்லிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும், கரும்புக்குத் தாவினால்தான் வம்பு. நானும் புல்லைத்தான் சந்தேகப்பட்டேன். கரும்பிலையோடு புல்லிலையும் பறிக்கப் போனபோது பக்சிக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலிக் கதவைத் திறந்தார். புல் போனால் ஆடுகளை விற்க வேண்டியதுதான் என்று அவர் முணுமுணுத்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது.

ஆய்வு முடிவைப் பார்த்து அசந்துபோனேன். புல்லில் ஒரே ஒரு வகைக் கிருமி, அது கரும்பில் எங்குமே இல்லை. கரும்பிலோ தூருக்குத் தூர் வேறு வகை. பெரிய தோட்டங்களில்கூட இவ்வளவு கலப்பை நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன்.

"ஆன்ட்டி, விதைக்கரும்பு எங்க வாங்குனீங்க?"

"வாங்குறதா? எல்லாம் சாமி கரும்புமா. பொங்கல் முடிஞ்சா கோயில்ல கட்டுன கரும்பெல்லாம் குப்பைக்குத்தான் போகுது. மனசு கேக்குமா? நுனிக் கொண்டைய வெட்டிட்டு வந்து நட்டுருவேன். வருஷா வருஷம் இதான்."

கோயிலுக்கு ஆளுக்கொரு கடையில் கரும்பு வாங்கி வருவார்கள். கடைகளுக்கு எங்கெங்கிருந்தோ லாரியில் வரும். அத்தனை ஊர்க் கிருமியையும் ஆன்ட்டி பக்தியோடு அழைத்து வந்து ஒரே பாத்தியில் குடிவைத்திருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, புல்மேல் தப்பில்லை, நோய் கோயில் கரும்போடுதான் வந்தது என்றேன். எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிடுங்கள், நோயில்லாத விதைக்கரும்பு நான் தருகிறேன் என்றேன்.

ஆன்ட்டியின் முகம் வாடிவிட்டது. "கடை போனாலும் போகட்டும். சாமிக்கு வச்சத எரிக்க மாட்டேன்."

நோய்க்கரும்பு அங்கே நிற்கும்வரை புதுக்கரும்பு தேறாது, கரும்பு இல்லாமல் கடையும் இல்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடு கத்தியது. ஆன்ட்டி அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஆடு தின்னா அதுக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாது. கொட்டாய்க்குள்ளயே போடச் சொல்லுங்க, புல்லுகிட்ட வேணாம். ஆனா வேர்க்கட்டைய எரிச்சுத்தான் ஆகணும்."

"வேரு இங்க மண்ணுல விட்டதுதானே, சாமிக்கு வச்சதில்லயே. அத எரிக்கலாம்," என்றார். சாமி விஷயத்தில் நான் வாதாடவில்லை.

வெட்டிய கரும்பில் முதல் சுமையை ஆன்ட்டியே தூக்கிக்கொண்டு வேலியருகே போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. பக்சிக் கரும்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். புல்லை இன்னும் பிடுங்கத்தான் வேண்டுமா என்று மலாயில் கேட்டார்.

"வேணாம்லா, பக்சிக்," என்றார் ஆன்ட்டி.

இந்த வருஷம் பொங்கல் பூஜை முடிந்து வெளியே வந்தேன். கோயில் வாசலுக்கு எதிரே பக்சிக் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். பின்னால் ஆடுகளுக்குச் சாமி கரும்பின் கொண்டைகளை அடுக்கி, ஆன்ட்டி இறுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.