கண்ணாடிக்குள் நாலரை விரல்

மூக்கையா எனக்குத் தர வேண்டியது 4,350 ரூபாய். வீட்டுக் கூரைக்குத் தகரம் போட வாங்கிய கைமாற்று. அந்தத் தொகை எவ்வளவு உண்மையோ, இனி எழுதுவதும் அவ்வளவு உண்மை. மர்சூக் நானா சாட்சி.

மறைந்த என் மனைவி மேபலுக்கு ஆண்டுப் பூசை நெருங்கியிருந்தது. அவளுடைய ஒரே படம் மலை ஈரத்தில் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. உரித்தால் முகம் கிழிந்துவிடும். எங்கள் ஊர் ஹேவாஹெட்டயிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு கண்டி டவுனில் நானாவின் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"கண்ணாடியோடயே போட்டோ எடுப்போம். அதுல விழுற நிழலையெல்லாம் கம்பியூட்டர் எடுத்துரும். லட்சக்கணக்கான படத்தப் பாத்து தானாப் படிச்சது, அண்ணே," என்றார் நானா.

வாசல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தார். நேரம் 4.40. மழைச் சாரல் உள்ளே அடித்தது. கடை ஷட்டரை இறக்கினார்.

திரையில் பார்த்தோம். மேபலின் மேல் டியூப் லைட், நானாவின் கை, எதிர்க்கடை எல்லாம் விழுந்திருந்தன. பின்னால் ஒரு ஆள். தூக்கிய வலக்கையில் ஆள்காட்டி விரல் பாதிதான்.

மூக்கையா! தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியில் விரலைப் பறிகொடுத்தவன்.

"கடங்காரப் பய! வாசல் வரைக்கும் வந்து, என்னயப் பாத்துட்டு நழுவிட்டான். அழிங்க நானா. எம் பொண்டாட்டி படத்துல அவனுக்கு என்னா வேல?"

நானா சிரித்தார். "கையோட புடிச்சாச்சு. காச வாங்காம அழிக்கச் சொல்றீங்களே!"

4.52. படத்திலிருந்து டியூப் லைட் போனது. கை போனது. கடை போனது.

மூக்கையா போகவில்லை. கிட்ட வந்திருந்தான்.

தகரத்தில் அடிப்பதுபோல் ஒரு சத்தம். தட்... தட்...

"மழை," என்றார் நானா.

5.08. மறுபடி அழித்தார். இப்போது உள்ளங்கை கண்ணாடியில் அப்பியிருந்தது. வாய் திறந்திருந்தது. வாய் நிறைய மண்.

நானா எழுந்து ஷட்டரைத் தூக்கினார். அசையவில்லை. இருவரும் சேர்ந்து தூக்கினோம். ம்ஹூம்... கடைக்குள் பச்சை மண் வாடை. எனக்கு மூச்சு முட்டியது.

தட்... தட்... தட்...

"அழிங்க நானா! அழிங்க!"

5.25.

மேபல் மட்டும் இருந்தாள்.

சத்தம் நின்றது.

ஷட்டர் லேசாக மேலே போனது.

பாதை அடைபட்டிருந்ததால் மறுநாள்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். முந்தின நாள் நாலு மணிக்கு மேடு சரிந்து மூக்கையாவின் வீட்டை மூடியிருந்தது. கூரைத் தகரத்துக்கு அடியில் உயிரோடுதான் கிடந்திருக்கிறான். அவன் தகரத்தைத் தட்டிய சத்தத்தை வைத்தே தோண்டினார்களாம்.

5.25க்குச் சத்தம் நின்றுவிட்டதாம்.

அவன் மனைவி என் கையைப் பிடித்தாள். "ஒங்க தகரக் காசு, அண்ணே..."

"அது எப்பவோ தீந்துருச்சு, தாயி."

வீட்டுக்கு வந்து கணக்குக் கொப்பியில் 4,350ஐ வெட்டினேன். பிறகு மேபலின் பிரேமைத் துடைக்க எடுத்தேன். கண்ணாடியில் ஒரு செம்மண் கை. நாலரை விரல். துடைத்தேன்... துடைத்தேன்...

அது உள்பக்கம் இருந்தது.