காது டீச்சர்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. பக்கத்து வகுப்பு டீச்சரான எனக்கு அவர் அக்கா. எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் பென்சில் விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் அங்கே பாடம் நடப்பது மட்டும் கேட்காது. என் தொண்டை தெருமுனை வரை போகும், அது வேறு கதை.

அக்கா வகுப்பில் யாரும் எழுந்து நின்று படிக்க வேண்டியதில்லை. ஜன்னலோரம் ஒரு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, புத்தகத்தை அவர் மடியில் விரித்து, அவர் காதுக்குள் படிக்க வேண்டும். தப்பு விட்டால் அவரும் காதுக்குள்ளேயே திருத்துவார். தப்பு அவர்கள் இருவரோடு முடிந்துவிடும்.

ஹெட்மாஸ்டருக்கு இது பிடிக்காது. "என்னம்மா இது, குசுகுசுன்னு? எல்லாரையும் சேர்த்துக் கத்த விடுங்க, சட்டுனு முடிஞ்சிடும்."

"முடிஞ்சிடும் சார். தெரியாத பிள்ள வாயசைச்சே வருஷத்த ஓட்டிடும்."

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னார். "என் தம்பிக்குத் திக்குவாய். வாத்தியார் பெஞ்சு மேல ஏத்திப் படிக்கச் சொன்னார். முதல் எழுத்துலயே மாட்டிக்கிட்டான். கிளாஸே சிரிச்சுது. வாத்தியாரும் சிரிச்சார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தப் பாடத்த என் காதுல முழுசா சொன்னான், ஒரு இடத்துலகூட திக்காம. அதோட பள்ளிக்கூடம் போகல."

அந்தத் தம்பி இப்போது சலவைக் கடையில் துணி தேய்க்கிறார். தலை நரைத்துவிட்டது. கடைக்கு வருபவர்களிடம் தலையாட்டலோடு சரி. பேச்சென்றால் வீட்டில், அக்கா காதில்தான்.

அப்படிப்பட்ட காதுக்கா இந்தக் கேடு வர வேண்டும்! முதலில் இடது காது போனது. அக்கா ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, வலது காதைப் பிள்ளைகள் பக்கம் கொடுத்துவிட்டார். பிறகு அதுவும் மங்க ஆரம்பித்தது. நரம்பே போய்விட்டது, மெஷின் வைத்தாலும் இரைச்சல்தான் வரும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்தார். விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஹெட்மாஸ்டர்கிட்ட நானே சொல்றேன், இந்த வருஷம் முடியட்டும்" என்றார். "தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாத. அவன் பேசறதுக்கு இருக்கிற இடம் இது ஒண்ணுதான்."

வருஷம் முடியட்டும் என்றதற்குக் காரணம் ஒரு சின்னப் பெண். லாரி டிரைவர் மகள், அம்மா இல்லாதவள். பள்ளிக்கூடத்தில் மருந்துக்குக்கூடப் பேச மாட்டாள். பரீட்சைக்குள் இவள் வாய் திறந்து படிக்காவிட்டால் பேசாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அனுப்பிவிடுவேன் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அது ஊருக்கு அந்தக் கோடியில் இருந்தது. தினமும் யார் கொண்டுபோய் விடுவது? பிள்ளை வீட்டோடு கிடக்கும், அவ்வளவுதான். அக்காவுக்கு அது தெரியும்.

அவள் தினமும் ஸ்டூலுக்கு வந்தாள். அக்கா காதருகே வாயை வைப்பாள், போய்விடுவாள். "மூச்சு மட்டும் வருது. வரட்டும், மூச்சுக்குப் பின்னாடி எழுத்து வரும்" என்பார் அக்கா. அவளுக்கு அவர் சொல்லி அனுப்புவதும் தினமும் ஒன்றேதான்: "பரவால்ல கண்ணு, நாளைக்குப் படிக்கலாம்."

பரீட்சை நெருங்கிய ஒரு காலை. சாக்பீஸ் தீர்ந்துபோய் வாங்கிவரலாம் என்று அக்கா வகுப்புக்குள் போனேன். அந்தப் பெண் ஸ்டூலருகே நின்றிருந்தாள். விரல் புத்தகத்தில் ஊர்ந்தது. உதடு அசைந்தது. பக்கத்தைப் புரட்டினாள், உதடு நிற்கவில்லை. கிட்டே போனேன். படிக்கிறாள்! ஆமைப் பாடம், ஒரு எழுத்து பிசகாமல்.

அக்கா ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் நிறுத்தியதும் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "பரவால்ல கண்ணு, நாளைக்குப் படிக்கலாம்."

அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "அக்கா, அவ படிச்சாக்கா! முழுப் பாடத்தையும் படிச்சா!"

முன்வரிசையில் இருந்த வாண்டு ஒன்று புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கியது. "அவ தினமும் படிக்கிறாளே. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

அதையும் அக்கா உதட்டில் பார்த்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து, என்னை அந்த ஸ்டூலில் உட்காரவைத்தார். "நீ கேளு. என்ன சொல்றான்னு எனக்குச் சொல்லு."

அந்தப் பெண் தயங்கித் தயங்கி என் காதருகே வந்தாள். பாடத்தைப் படிக்கவில்லை. "இத்தன நாளும் நான் தப்பாவா படிச்சேன்?" என்று கேட்டாள்.

"என்ன சொல்றா?" என்றார் அக்கா.

ஊரையே விலைபேசும் வாய் என்னுடையது. அன்றைக்கு அதற்கு, "ஒண்ணுமில்லக்கா" என்று மழுப்பத்தான் வந்தது. அக்கா விடவில்லை. சொன்னேன்.

அக்கா தரையில் முட்டிபோட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். "நீ சரியாத்தான் படிச்சே, தங்கம். டீச்சருக்குத்தான் காது கேக்கல." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அப்படியே என்னையும் கூட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் இரண்டு விஷயத்தையும் சொன்னார். அந்தப் பெண் படிக்கிறாள், வேண்டுமானால் இவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று என்னைக் காட்டினார். எனக்குக் காது கேட்கவில்லை, நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றார். அந்தப் பெண் எங்கள் பள்ளியிலேயே இருந்தாள்.

பள்ளியில் அக்காவின் கடைசி நாளன்று தம்பி வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டார். வழக்கம்போல அக்கா காதருகே குனிந்து ஏதோ சொன்னார். ரொம்ப நேரம் சொன்னார். அக்கா சிரித்தார், தலையாட்டினார், நடுவில் "அப்படியா?" என்றுகூடக் கேட்டார்.

ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது. எனக்குத் தெரியும்.