சம்பந்தி வீட்டில் கை நனைத்தேன்

இன்று பொன்னமராவதியில் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தோம். பையன் யூனியன் ஆபீஸ் கிளார்க். எங்களுக்குப் பிடித்துவிட்டது. உடனே இலை போட்டுவிட்டார்கள்.

என் தொண்டைப் புற்றுக்குக் கரண்டு வைத்தியம், அதாவது ரேடியேஷன், நடப்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. வாயெல்லாம் புண். ஆறிய கஞ்சியும் உப்புநீர்க் கொப்பளிப்பும்தான். காரம், புளி ஆகாது என்பது டாக்டர் உத்தரவு.

ஆனால் பெண் வீட்டார் கை நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். காரணத்தைச் சொன்னால் அவர்களே வேண்டாம் என்பார்கள்.

"என்னங்க, எலையத் தொடவே மாட்டேங்குறீங்க? எங்க பையனப் பிடிக்கலையா?" என்றார் பையனின் அப்பா.

"பிடிக்காம என்னங்க" என்று ஒரு கவளம் விழுங்கினேன். புளிக்குழம்பு தொண்டையில் இறங்கிய விதத்தை எழுதினால் நீங்கள் இன்று சாப்பிடமாட்டீர்கள். இலையில் ரத்தம் விழுந்துவிடுமோ என்று அப்புறம் வாயைத் திறக்கவே பயந்தேன்.

அவர் மனைவியிடம் சொன்னார்: "பொண்ணப் பிரியணுமேன்னு இப்பவே கண்ணு கலங்குது பாரு. நல்ல மனுசன்!"

தை மாதம் கல்யாணம். அதுவரை இருப்பேனா என்று டாக்டரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. அதனால் உங்களிடம் சின்னக் கேள்வி: தாம்பூலம் மாற்றும்போது வெற்றிலையை மெல்லாமல் தப்பிப்பது எப்படி?