நெல்லுக்கு மேலால் ஓட்டிய நாள்

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு காலை. மாங்குளத்தில் நடந்த ஆசிரியர் செயலமர்வுக்காகப் புதுக்குடியிருப்பிலிருந்து நான் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். லைசன்ஸ் எடுத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. "நீர் கார் ஓடேக்க உமக்குப் பயமில்லை, ரோட்டில போறவைக்குத்தான் பயம்" என்று என் கணவர் பகிடி விடுவார். எனக்குக் கோபம் வரும். கோபம் எனக்கு எப்போதும் கொஞ்சம் கெதியாகத்தான் வரும்.

அறுவடைக் காலம். அந்த நாட்களில் எங்கள் பக்கத்துத் தார் ரோட்டில் பாதி வாகனத்துக்கு, பாதி நெல்லுக்கு. எங்களுக்கும் வயல் இருக்கிறது, நாங்களும் ரோட்டில்தான் காய வைப்போம். எவ்வளவு அவசரமென்றாலும் காய்கிற நெல்லில் கார்ச் சில்லை ஏற்ற எங்களுக்கு மனம் வராது.

ஒட்டுசுட்டான் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் இடப்பக்கம் முழுக்க நெல் பரவியிருந்தது. எனக்கு முன்னால் போன வெள்ளைக் கார், நெல்லைச் சுற்றிப் போக வலப்பக்கம் எடுக்கப் பார்த்து, எதிரே டிப்பர் லொறி வருவதைக் கண்டு நின்றது. சரியாக அந்த நேரம் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது வெள்ளைக் கார் கண்ணுக்கு முன்னால் நின்றது. பிரேக்கை மிதித்தேன். பிந்திவிட்டது.

பெரிய இடி இல்லை. ஆனாலும் அந்தக் கார் வலப்பக்கமாக ரோட்டுக்குக் குறுக்கே சரிந்துபோய் நின்றது. டிப்பர் அதற்குச் சற்று முன்தான் கடந்து போயிருந்தது.

இறங்கியதும் நான் முதலில் பார்த்தது என் காரின் முன்பக்கத்தை. அடுத்ததாகச் செய்தது சண்டை.

"தம்பி, இப்பிடித் திடீரெண்டு பிரேக் அடிச்சா, பின்னால வாறவை என்ன செய்யிறது?"

பதினெட்டு வருடமாக வகுப்பில் சத்தம் போட்டுப் பழகிய தொண்டை. பிழை என்னுடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தம்.

வெள்ளைக் காரை ஓட்டி வந்த பொடியனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். என் சேலையையும் தோள் பையையும் பார்த்தே ஆளைக் கணக்கெடுத்துவிட்டார். "இல்லை ரீச்சர், டிப்பர் வந்தது..." என்று தொடங்கியவர், நான் முறைத்த முறைப்பில் நிறுத்திவிட்டார். கார் அவருடைய அண்ணனுடையதாம். அண்ணனுக்கு என்ன சொல்வது என்ற கவலை அவருக்கு.

நான் இன்சூரன்சுக்குப் போன் எடுத்தேன். ஆள் வர ஒரு மணித்தியாலம் ஆகும், அதுவரை காரை அசைக்க வேண்டாம், நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள் என்றார்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் புதினம் பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். "ஒரு அங்குலமும் அசைக்கப்படாது!" நானும் அவரும் தலையாட்டினோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

நான் படம் எடுக்கத் தொடங்கினேன். நெளிந்த இடத்தைக் கிட்டப் போய் எடுத்தபோது, போனுக்குள் பின் கண்ணாடி வழியாக ஒரு முகம் தெரிந்தது. பின் சீட்டில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். உதடுகள் அசைந்தன. கழுத்தில் செபமாலை. செபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் அவள் கை வயிற்றின் மேல் இருப்பதைக் கண்டேன்.

இவ்வளவு நேரமும் அந்தக் காருக்குள் இன்னொரு ஆள் இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்தேன்.

"பிள்ளை, எத்தினை மாதம்?"

"எட்டு, ரீச்சர்."

"எங்கேயாவது நோகுதோ?"

"நோகேல்லை." அவள் கண்ணைத் திறக்கவில்லை. "வயித்துக்குள்ள பிள்ளை துடிக்கிறதை எண்ணிறன். கிளினிக்கில ஒவ்வொரு நாளும் எண்ணச் சொன்னவை. விடிய அஞ்சு எண்ணினனான். இடிச்சதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"காரை அசைக்கப்படாதெண்டு எல்லாரும் கதைச்சீங்கள்."

அவளுடைய கணவரான அந்தப் பொடியனிடம் சொன்னபோது அவர் திகைத்துப்போய், "இன்சூரன்ஸ் வரட்டுமே ரீச்சர்..." என்றார். "விசர்க் கதை கதைக்காமல் மனிசியை என்ர காரில ஏத்தும்!" என்றேன். அன்று என் சத்தத்துக்கு ஒரு பிரயோசனம் இருந்தது அப்போதுதான்.

ஏற்றியாகிவிட்டது, அவரும் கூடவே ஏறிக்கொண்டார். போவதற்கு வழி இல்லை. வலப்பக்கம் அவருடைய கார் குறுக்கே நிற்கிறது, இடப்பக்கம் நெல். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தயங்கினேன். தலையில் துவாய் கட்டிக்கொண்டு நெல் கிளறிக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து கண்ணாடியில் தட்டினா.

"என்ன பாக்கிறீங்கள்? நெல்லுக்கு மேலால ஏத்துங்கோ! அந்தக் காரை நாங்கள் பாக்கிறம்."

ஏற்றினேன். சில்லுக்குக் கீழே நெல் நறநறத்த சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது.

மாங்குளம் ஆஸ்பத்திரி வரை "ஏதும் தெரியுதோ பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன். "இல்லை ரீச்சர்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கடைசியில் கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நான் எந்த முகத்தோடு வகுப்புக்குள் போவேன் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் என்னைப் பற்றியே நினைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவளை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தார்கள். இளம் பெண் டொக்டர் ஒருவர், எப்படி நடந்தது, என்ன வேகம், பெல்ட் போட்டிருந்தாவா என்று கேட்டார். அந்தப் பொடியன் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான் திடீரெண்டு பிரேக் அடிச்சிட்டன் டொக்டர்" என்றார்.

நான் ரோட்டில் கத்திய அதே வார்த்தை. அதை அவர் நம்பியே விட்டார். பெண்சாதிக்கும் பிள்ளைக்கும் தானே கேடு செய்துவிட்டதாக அந்த மனிசன் நினைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்லை டொக்டர். அவர் நிண்டவர். நான்தான் ரோட்டைப் பாக்காமல் வந்து இடிச்சனான்."

டொக்டர் என்னைத் திட்டவில்லை. வயிற்றில் பட்டியைக் கட்டி மிசினைப் போட்டார். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு, வயலில் தண்ணி இறைக்கிற மிசின் போல, டக டக டக என்று விடாமல் ஒரு சத்தம். "இதுதான் பிள்ளையின்ர இதயம்" என்றார். அடுத்த சில நிமிடத்தில் அவள் "ஆ!" என்று வயிற்றைத் தொட்டாள். "ஒண்டு" என்றாள். சிரிப்பும் கண்ணீருமாக மூன்று பேரும் சேர்ந்து எண்ணத் தொடங்கினோம்.

வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்கள், இடி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நோகாவிட்டாலும், உடனே வந்து காட்ட வேண்டும் என்றார் டொக்டர். அன்றிரவு அவளை மறித்து வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள்.

நான் திரும்பிப் போனபோது இன்சூரன்ஸ்காரர் காத்திருந்தார். உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்த நெல்லுக்கார அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பிள்ளை துடிக்குதோ?" என்று அவா முந்திக்கொண்டா. "ஓம்" என்றேன். "அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் நெல்லைக் கிளறப் போனா.

பங்குனி கடைசியில் பெண் பிள்ளை பிறந்ததாகப் போன் வந்தது. இப்போது ஒரு இடத்தில் இருக்கமாட்டாளாம், கரை முழுக்க ஓட்டம்தான். என்னை "ரீச்சரம்மா" என்று கூப்பிடுவாள். விளங்குகிற வயது வந்ததும் இந்தக் கதையை வேறு யாரும் சொல்ல முந்தி நானே அவளுக்குச் சொல்ல வேண்டும். "உங்கட காரை இடிச்சது நான்தான்" என்று தொடங்கிச் சொல்லும் துணிவை அந்த நாள்தான் எனக்குத் தந்தது.