அட்டைப் பாலமும் எட்டு மூட்டை அரிசியும்

நாற்பத்திரண்டு வயதில் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இங்கே அமெரிக்காவில், எடிசனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் சாயங்கால வகுப்பு ஒன்று எடுத்துப் பார், பாஸானால் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படி, இல்லையென்றால் இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது என்றார். நானும் வீம்புக்குச் சரி என்றேன். பதினாறு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்து அலுத்துப்போயிருந்தேன்.

அந்த வகுப்பில் பாடப் புத்தகமே கிடையாது. எதையாவது கட்ட வேண்டும், அதன்மேல் எடை ஏற்றி உடைக்க வேண்டும், எங்கே உடைந்தது என்று பார்த்து மறுபடி கட்ட வேண்டும். கூடப் படித்ததுகள் எல்லாம் பத்தொன்பது, இருபது வயது. தங்கள் கோபுரம் சரிந்தால் சிரித்துக்கொண்டே வீடியோ எடுப்பார்கள். நானோ ஒவ்வொன்று உடையும்போதும் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

கடைசிப் பரீட்சைக்கு ஆறடி நீளத்தில் ஒரு பாலம். அட்டைப்பெட்டி அட்டையும் வெள்ளைப் பசையும் தவிர வேறு எதுவும் கூடாது. கட்டியவரே அதன்மேல் நடந்து கடக்க வேண்டும்.

மூன்று வாரம் கராஜில் உட்கார்ந்து கட்டினேன். இரண்டு பக்கமும் அட்டையை அடுக்கி ஒட்டிய நீள உத்தரம், நடுவே அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம், மேலே ஒற்றை அட்டையில் தளம். ஏறிப் பார்க்கப் பயமாக இருந்தது. உடைந்துபோனால் மறுபடி கட்ட நேரமில்லை. அந்தச் சமயம் பார்த்து, இந்தியாவிலிருந்து இனி அரிசி வராது என்று ஒரு பேச்சு கிளம்பி, ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளில் ஒரே தள்ளுமுள்ளு. எங்கள் வீட்டுக்காரரும் போய் எட்டு மூட்டை சோனா மசூரியைக் கொண்டுவந்து கராஜில் அடுக்கியிருந்தார். மூட்டை இருபது பவுண்டு; எட்டும் சேர்ந்தால் நூற்று அறுபது. நான் நூற்று நாற்பதுதான். எட்டையும் பாலத்தின் மேல் பரப்பி வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால்கூட அசையவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பரீட்சையன்று பாலத்தில் ஏறி முதல் எட்டு நன்றாகத்தான் எடுத்து வைத்தேன். இரண்டாவது எட்டில் குதிகால் தளத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. கெண்டைக்கால்வரை அட்டைக்குள் மாட்டிக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஆசிரியை குனிந்து ஓட்டையைப் பார்த்துவிட்டு, வீட்டில் எதை வைத்துச் சோதித்தாய் என்று கேட்டார். அரிசி என்று சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. மூட்டை படுத்துக்கொள்ளும், இரண்டு சட்டங்களைத் தொட்டுக்கொண்டு சொகுசாகக் கிடக்கும். மனுஷி நடந்தால் மொத்த எடையும் ஒரு குதிகாலில், அதுவும் சட்டமே இல்லாத இடத்தில் இறங்கும். உத்தரம் வளையவில்லை, தளம்தான் மோசம், அடுத்த திங்கட்கிழமை மறுபடி கொண்டு வா என்றார் ஆசிரியை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "லாகின் பேஜுக்கு நூறு டெஸ்ட் கேஸ் எழுதுற. பாலத்து மேல ஆள் நடப்பான்னு ஒரு கேஸ் எழுதலையா?" என்றார். நியாயமான கேள்விதான், அதனால்தான் எரிச்சல். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இந்தத் தடவை நாலு அங்குலத்துக்கு ஒரு சட்டம் வைத்தேன். தளத்துக்கு இரண்டு அட்டை, ஒன்றில் அட்டைக்குள் ஓடும் நெளிவரி நீளவாக்கில், மற்றது குறுக்குவாக்கில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைக் கூப்பிட்டு ஏறச் சொன்னேன். என்னைவிட நாற்பது பவுண்டு அதிகம் அவர். இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"நான் ஏற மாட்டேன். இது ஒடைஞ்சா நீ அதோட விட்டுடுவ. காலம் பூரா நான்தான் ஒடைச்சேன்னு இருக்கும்."

"நாளைக்கு க்ளாஸ்ல ஒடைஞ்சா மட்டும் பரவால்லையா?" என்றேன்.

செருப்பைக் கழற்றினார். வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள், வகுப்பில் நான் வெறுங்காலோடு நடக்க மாட்டேன் என்று விரட்டினேன். ஆபீஸ் ஷூவோடு வந்து ஏறினார். ஒவ்வொரு எட்டுக்கும் அட்டை கிறீச்சிட்டது. நடுவில் போய் நின்றார். பாலமும் நின்றது. இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பாஸானா படின்னு சொன்னேன்ல? நீ ஃபெயிலாயிடுவன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

தெரியும் என்றேன். உண்மையில் தெரியாது. ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு தடவை நடங்கள், குதிகாலை நன்றாக ஊன்றுங்கள் என்றேன். சொன்னபடி நடந்தார்.

மறுநாள் வகுப்பில் நான் நடந்து கடந்தேன். ஆசிரியை பாஸ் என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து, வேலையை விடுகிறேன் என்று மேனேஜருக்கு நாலே வரியில் மெயில் எழுதினேன். அனுப்பிய பிறகுதான் வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தேன்.