எடுக்காத நாலு அழைப்புகள்

சுண்ணாம்பு தடவிய நூலின் ஒரு முனையை டேப்பால் ஒட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டின கைகள். நீல வள்ளத்தின் முகப்பில் வெள்ளைக்கோடு விழுந்தது. வலது கையில் நடுக்கம் இருந்தது. இடது மணிக்கட்டை அதற்கு முட்டுக்கொடுத்த பிறகுதான் பிரஷ் முதல் எழுத்தின் கொம்பை இழுத்தது.

மாப்பிள்ளையூரணி அற்புதமணி பதினெட்டு வருடமாக வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவர். குடித்த காலத்தில் இந்த முட்டு தேவைப்பட்டதில்லை. குடியை நிறுத்தும் சிகிச்சை முடிந்து பதினோரு மாதம் ஆகிறது.

இன்று எழுதுவது ஜெரால்டு பெயரை. இருவரும் ஒரே நாளில் சிகிச்சைக்குச் சேர்ந்தார்கள், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வெளியே வந்த இரண்டாம் மாதமே ஜெரால்டு மறுபடி தொடங்கிவிட்டான். குடிக்கிற சேக்காளிகளிடம் ஒரு வருடம் பேச்சே வேண்டாம் என்று சிகிச்சை மையத்தில் சொல்லியிருந்தார்கள். அற்புதமணி அதை அப்படியே கடைப்பிடித்தார். ஜெரால்டு குடித்தே செத்து நாலு மாதம். அவன் வள்ளத்தை அவன் பெயரிலேயே மறுபடி கடலில் இறக்குகிறாள் மனைவி விஜிலா. நாலு மணிக்குப் பங்குச் சாமியார் வள்ளத்தை மந்திரிக்க வருகிறார்.

'ரா' முடிந்தபோது கவனித்தார்: தன் இடது கை, பெயின்ட் கரைக்கிற தின்னர் பாட்டிலை மணலில் கவிழ்த்துக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் இருந்த பாட்டில். தின்னர் கடைக்குப் பக்கத்தில்தான் ஒயின்ஷாப். குடிப்பதற்கு முன்னால் கடைக்குப் போக ஒரு காரணம் உண்டாக்குவது அவர் வழக்கம். மையத்தில் கொடுத்த நோட்டில் அவரே அதை எழுதியிருக்கிறார்.

“ஏளா விஜிலா, இங்கன வா.”

வந்தாள்.

“தின்னரை நானே கொட்டிட்டேன். வாங்கப் போனா குடிச்சிட்டுதான் வருவேன். முடியுதவரைக்கும் பக்கத்துல இரு.”

“நல்லாருக்கே! பேர் எழுத வந்த ஆளுக்கு நான் காவலாக்கும்?” என்றாள். ஆனாலும் மீன்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். “அவுக ஒருநாளும் இப்படிச் சொன்னதில்ல. இந்தா வாரேம்பாக, போயிருவாக.”

'ல்' பாதியில் இருக்கும்போது கேட்டாள். “கடைசி நாளு உங்களுக்கு நாலு தடவ போன் போட்டிருக்காக. நீங்க பாக்கலயோ அண்ணே?”

பிரஷ் நின்றது. ஆமாம், பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும்.

“பாத்தேன். போன் கையிலதான் இருந்தது. எடுக்கல.”

“எடுத்திருந்தா?”

“அவன் இருந்திருப்பான். இல்லன்னா நானும் சேர்ந்து குடிச்சிருப்பேன். ரெண்டுல எதுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியல.”

விஜிலா மீன்பெட்டியிலிருந்து எழவில்லை. அவர் 'ல்' புள்ளியை வைத்து, 'டு'வை இழுத்து முடித்தார்.

“பாத்துக்க” என்று விலகி நின்றார்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். “மந்திரிச்சு முடிச்சதும் பயலுவ குடிக்கத் தொடங்குவானுவ. நீங்க நிக்க வேண்டாம்” என்றாள். மீன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “அதுக்காக மட்டும் சொல்லல, அந்த நாலு போனுக்காகவும்தான்” என்றாள்.

“தெரியும்.”

“பேரு நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, வள்ளம் தள்ள ஆட்களைக் கூப்பிடப் போனாள்.