பின்சீட்டு பிளாஸ்டிக்

எங்கள் காரின் பின்சீட்டு என்ன நிறம் என்று போன வருஷம் வரைக்கும் எனக்கே சரியாகத் தெரியாது. வாங்கி எட்டு வருஷம் ஆகியும் ஷோரூமில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அதன் மேல் அப்படியே இருந்தது. கிழிந்த இடங்களில் என் வீட்டுக்காரர் பிரவுன் டேப் ஒட்டி வைத்திருந்தார். வெயில் காலத்தில் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். வந்தவர்கள் யாராவது, "இதை எடுத்துடலாமே" என்றால், "இருக்கட்டும், அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்பார். அதற்கு மேல் அவரோடு பேசிப் பிரயோஜனமில்லை. நான் இருபத்தாறு வருஷமாகப் பேசிப் பார்த்தவள்.

அவர் பெயர் பிரிட்டோ. தூத்துக்குடிக்காரர். மத்திய அரசாங்கத்தில் கப்பல் சர்வேயர் வேலை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறி, எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சரக்கு அடுக்கியதில் இடைவெளி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். மரக்கட்டையோ மூட்டையோ வைத்து அடைத்த பிறகுதான் கையெழுத்து விழும். "கப்பலைக் கவுக்கது காத்து இல்ல, நகருத சரக்குதான்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்கள் மகள் மஹிமாவுக்கு அது மனப்பாடம்.

நாங்கள் கொல்கத்தாவுக்கு வந்து பதினான்கு வருஷம். லேக் கார்டன்ஸில் இதே வீடு. ஆனால் அவர் மனசுக்குள் நாங்கள் நேற்று வந்து நாளைக்குப் போகிறவர்கள். வருஷா வருஷம் ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போடுவார். அதனால் வீட்டில் எந்தப் பொருளும் அதன் அட்டைப் பெட்டியைப் பிரியவில்லை. ஃபிரிட்ஜ் பெட்டி, டிவி பெட்டி, மிக்ஸி பெட்டி எல்லாம் பரணில் இருந்தன. ரிமோட்டுக்குக்கூட பாலித்தீன் உறை. மாற்றல் வந்தால் ஒரே நாளில் கட்டிவிடலாமாம். மாற்றலில் போகும் குடும்பங்களில் இந்த வியாதி எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. இவருக்கு முற்றிவிட்டது.

இந்த மனுஷர் வீட்டில்தான் பல்டு வளர்ந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டு ஷம்பா தி (இங்கே அக்காவைத் 'தி' என்பார்கள்), ஒரு மழை நாளில் தெருவிலிருந்து எடுத்து வந்து மஹிமா கையில் கொடுத்த நாய்க்குட்டி. பெயரும் அவள் வைத்ததுதான். பாதி தெரு நாய், பாதி ஏதோ பெரிய ஜாதி. முப்பத்துநாலு கிலோ வளர்ந்துவிட்டது. பிரிட்டோ முதலில், "நாம போகும்போது இத எங்க விடுத?" என்றார். ஆறு மாதம் கழித்து, தட்டில் இருந்த மீனை முள் நீக்கி அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

தடுப்பூசிக்குப் போக பல்டுவைக் காரில் ஏற்றுவது ஒரு சடங்கு. பிளாஸ்டிக் உறைக்கு மேல் ரப்பர் ஷீட். அதற்கு மேல் நியூஸ் பேப்பர் நாலு மடிப்பு. அதற்கு மேல் பழைய போர்வை, ஓரங்களை உள்ளே சொருகி. ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. எல்லாம் முடிய கால் மணி நேரம். நாய் முடி ஒன்று சீட்டில் விழாது என்று அவருக்கு அதில் ஒரு பெருமை. ஆனால் பல்டு ஏறாது. கதவைத் திறந்தாலே நாலு காலையும் ஊன்றிக்கொண்டு பின்னால் இழுக்கும். ஏற்றிய பிறகும் உட்காராது, நடுங்கிக்கொண்டு நிற்கும். "ஊசின்னா பயம் பயலுக்கு" என்று நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

போன செப்டம்பரில், துர்கா பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம். பல்டு சாப்பிட்டுவிட்டு ஹாலில் சுற்றிச் சுற்றி வந்தது. வாந்தி எடுக்கப் பார்க்கிறது, ஒன்றும் வரவில்லை. எச்சில் மட்டும் நூலாக ஒழுகுகிறது. மஹிமா அதன் வயிற்றைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் தொட்டேன். காற்றடித்த பந்து மாதிரி விறைத்திருந்தது.

டாலிகஞ்சில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் கேட்டதற்கெல்லாம் பெங்காலியில் பதில் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது.

"அம்மா, வயிறு முறுக்கிக்கிட்டு இருக்கும்ங்கிறார். ஆபரேஷன் பண்ணணும். சால்ட் லேக் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைக்கிறாராம். ஒரு மணி நேரத்துல போகலைன்னா..." அதற்குமேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, பெங்காலியும் வரவில்லை. பிறகு சொன்னாள்: "வயித்துல அடி படக் கூடாதாம். அழுத்தமும் கூடாதாம்."

மணி இரண்டு ஐந்து. மூன்றுக்குள் போயாக வேண்டும். வாடகைக் கார் இரண்டு கூப்பிட்டோம். நாய் என்றதும் இரண்டும் ரத்து செய்துவிட்டன. பல்டுவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு நானும் மஹிமாவும் கீழே வந்தோம். வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் காருக்குள் குனிந்து நியூஸ் பேப்பரை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருக்கிறார்!

"என்ன செய்யுதீங்க? உயிர் போகுது அதுக்கு, நீங்க பேப்பர் விரிச்சிக்கிட்டு நிக்கீங்க?" தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமில்லை.

"ரெண்டு நிமிசம் பொறு ஜெசி. வாந்தி எடுத்துச்சுன்னா..."

"எடுக்கட்டும்! வாந்தி வராமத்தான சாவுது!"

அவர் இன்னொரு மடிப்பை நீவினார். பயத்தில் மனுஷருக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார். தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

தெருமுனையில் பந்தலுக்கு வந்த மூங்கில் லாரி, வழியை அடைத்துக்கொண்டு இறக்கிக்கொண்டிருந்தது. ஷம்பா தி நைட்டியோடு இறங்கி ஓடி, "ஷொராவ்! ஷொராவ்!" என்று எடுக்கச் சொல்லிக் கத்தி, ஆட்களை விரட்டி மூங்கிலை நகர்த்த வைத்தாள். அதற்குள் ஏழு நிமிஷம் போய்விட்டது.

அவர் ஓட்ட, நான் முன்னால். பின்னால் மஹிமா, மடியில் பல்டுவின் தலை. அது படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தது. நகங்கள் போர்வைக்கு அடியில் பிளாஸ்டிக்கைப் பிறாண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "பொய் நேய், பல்டு, பொய் நேய்" என்று மஹிமா பெங்காலியில் சொல்லிக்கொண்டு வந்தாள். பயப்படாதே என்று அர்த்தம். கேட்க எனக்குத்தான் பயமாக இருந்தது. ஜெபமாலையைக் கையில் எடுத்தேன், எத்தனையாவது மணி என்று தெரியவில்லை.

பைபாஸில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். முன்னால் போன மினிபஸ் ஆள் ஏற்ற நட்டநடு ரோட்டில் நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். போர்வை, பேப்பர், ரப்பர் ஷீட் எல்லாம் பிளாஸ்டிக் மேல் வழுக்கிக்கொண்டு மொத்தமாக முன்னால் வந்தன. அவற்றோடு பல்டுவும். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் கால் வைக்கும் பள்ளத்தில் வயிறு அடிபட விழுந்தது. அது கத்திய கத்தல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "போடே கேச்சே! அப்பா, பல்டு விழுந்துருச்சு!" மஹிமா பிடிக்கத்தான் பிடித்தாள். முப்பத்துநாலு கிலோவை எப்படிப் பிடிப்பாள்?

ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் பின்கதவைத் திறந்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். எனக்குக் கேட்டது.

"சரக்கு நகந்துட்டு."

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் பல்டுவை அலுங்காமல் தூக்கி முன்சீட்டில் என் மடிக்கு மாற்றினோம். போர்வை, பேப்பர், ஷீட் எல்லாவற்றையும் வாரி ரோட்டோரம் போட்டார். சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துப் பிளாஸ்டிக்கில் குத்தி, இரண்டு கையாலும் பிய்த்தார். எட்டு வருஷ டேப்பு, எட்டு வருஷ உறை. பட்டை பட்டையாகக் கிழிந்து வந்தது. அடியிலிருந்து குப்பென்று ஒரு புழுக்க நாற்றம். சாம்பல் நிறத் துணி, அதன் மேல் கறுப்பு கறுப்பாகப் பூசணம். கொல்கத்தா ஈரம் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் அங்கேயே இருந்திருக்கிறது. காத்துக் காத்து வைத்த சீட்டு அழுகிக் கிடந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "ஏட்டி மகி, நீ ஓட்டு" என்றார்.

மஹிமா லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம். ஒரு நாள் அந்தக் காரின் சாவியை அவர் அவளிடம் கொடுத்ததில்லை. அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில். பல்டுவை வெறும் துணியில் கிடத்திவிட்டு, அந்தப் பள்ளத்துக்குள் இவர் இறங்கினார். ஐம்பத்தெட்டு வயசு, வலது முட்டியில் தேய்மானம். முதுகை என் சீட்டுக்குக் கொடுத்து, மண்டி போட்டு, இரண்டு கையாலும் பல்டுவின் தோளையும் இடுப்பையும் அணைத்துப் பிடித்தார். பள்ளம் அடைந்துவிட்டது. பிரேக் போடும்போதெல்லாம் அவர் முதுகு என் சீட்டில் மோதும். பல்டு நகரவில்லை.

பாதி வழியில் அது மூத்திரம் போய்விட்டது. சீட்டெல்லாம் ஓடி அவர் பேண்ட்டில் இறங்கியது. நான் பழக்கதோஷத்தில், "சீட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"சீட்டக் கட்டியா மாரடிக்க? நீ ஜெபத்தச் சொல்லு!"

சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். சாவு எங்களோடு அதே காரில் உட்கார்ந்து வந்தது. பல்டுவின் மூச்சு ஒரு தடவை நின்ற மாதிரி இருந்தது. "பல்டு, ஏலேய், இங்க பாருலே" என்று அவர் தன் மகனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். எங்களுக்கு மகன் கிடையாது.

மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசல். ஸ்ட்ரெச்சரில் வாங்கிக்கொண்டு போனார்கள். அவரைப் பள்ளத்திலிருந்து வெளியே எடுக்க நானும் வாட்ச்மேனும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. முட்டி மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. நனைந்த பேண்ட்டோடு இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாடி உயரக் கப்பலை எல்லாம் ஒரு பார்வையில் அளக்கிறவர், "நான்தான் விழவச்சேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மை அதுதானே. பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து வந்த லேடி டாக்டர், "உயிர் இருக்கிறது. மூன்று நாள் போகட்டும்" என்றார். அந்த மூன்று நாளும் வீட்டில் அடுப்பு பேருக்குத்தான் எரிந்தது. போன் அடித்தால் யார் எடுப்பது என்று மூவரும் ஒருவரை ஒருவர் பார்ப்போம்.

நான்காம் நாள் காலை மஹிமாதான் எடுத்தாள். கூட்டிக்கொண்டு போகலாமாம். தையல் பிரியாமல், குலுங்காமல் கொண்டு போக வேண்டுமாம்.

நான் அழுது முடித்துத் திரும்பினால், இவர் ஏணி போட்டுப் பரணில் நிற்கிறார். ஃபிரிட்ஜ் பெட்டியை இறக்கினார். பதினோரு வருஷமாகத் தூசி தட்டித் தட்டி வைத்த பெட்டி. அதன் மேல் அவர் கையெழுத்தில் கொட்டை கொட்டையாக, 'தூத்துக்குடி - சமையல் ரூம்' என்று எழுதியிருந்தது. தரையில் போட்டு, காரில் அளந்து வந்த கயிற்றை அதன் மேல் வைத்துப் பார்த்தார். மீன் வெட்டும் கத்தியை எடுத்து அந்த எழுத்தின் குறுக்கே இழுத்தார். மடித்து மடித்து அடுக்கி, பள்ளத்துக்குச் சரியாகக் கட்டை மாதிரி ஒன்று செய்தார்.

"நாளைக்கு ஃபிரிட்ஜ எதுல கொண்டு போறது?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "எங்க கொண்டு போக?" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் பின்கதவைத் திறந்தபோது பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. மேலே பருத்திப் போர்வை ஒன்று மட்டும். சீட்டை ஷம்பா தியும் மஹிமாவும் சோப்பு போட்டுத் தேய்த்திருந்தார்கள். கறை போகவில்லை, யாரும் கவலைப்படவும் இல்லை. பல்டுவைத் தூக்கிவிட நானும் மஹிமாவும் குனிந்தோம். அதற்குள் அது முன்காலை எடுத்துச் சீட்டில் வைத்தது. அழுத்திப் பார்த்தது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தது. வழுக்கவில்லை. இழுக்காமல், நடுங்காமல், அடுத்த காலையும் தானாக எடுத்து வைத்துவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கிவிடச் சொல்லி எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"இது ஊசிக்கு பயந்ததே இல்ல ஜெசி" என்றார் பிரிட்டோ. கதவைப் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில் நின்று, அழுதார். மஹிமா அவர் சட்டைப் பையிலிருந்து கார் சாவியைத் தானே எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.